கருத்துக்கு ஒரு நாற்காலி

மேலத்தாங்கல் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு நாற்காலிகள் வந்து சேர்ந்த கதையை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முட்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் கேட்டால் அன்றைக்கு முட்டை கல் மாதிரி இருந்தது என்பார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பாக்கியலட்சுமியைக் கேட்டால் முட்டையில் ஒரு குறையும் கிடையாது, சொன்ன பையனுக்குத்தான் வாய்க்கொழுப்பு என்பாள். ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த தமயந்தியைக் கேட்டால் மட்டும் அவள் முட்டைக்கும் முன்னால் போய், நான்கு வருடங்களுக்கு முன்பு தான் விழுங்கிய ஒரு பேச்சிலிருந்து தொடங்குவாள். அவள் சொல்வதுதான் சரி. ஆனாலும் ஊர் வழக்கத்தை மீறுவானேன், நாமும் முட்டையிலிருந்தே வருவோம்.

தமயந்திக்கு முப்பத்து நான்கு வயது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற ஜப்பான் கம்பெனியில் எட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அவர்கள் சொன்னதை இவர்களிடமும் இவர்கள் சொன்னதை அவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்து, நாள் முழுக்கப் பேசியும் தன் பேச்சு என்று ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் வீட்டுக்கு வந்தவள். அந்த வேலை அலுத்துப் போனபோது, அதே கம்பெனி தன் செலவில் பள்ளியில் ஜப்பானிய வகுப்பு நடத்த ஆள் தேடியது, இவள் சேர்ந்துகொண்டாள். தற்காலிக வேலைதான்; கம்பெனி வருடா வருடம் கடிதம் கொடுத்தால்தான் நீடிக்கும். ஆசிரியர் அறையில் நிரந்தர ஆசிரியர்கள் பதினொரு பேருக்குப் பதினொரு நாற்காலிகள் இருந்தன, பன்னிரண்டாவது இல்லை, ஆகவே தமயந்தி பீரோ ஓரமாக நின்றபடியே டிபன் பாக்ஸைக் காலி செய்வாள். “உட்காருங்க மேடம்” என்று எல்லாரும் அன்பாகத்தான் சொல்வார்கள், எதன் மேல் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கும் அதே கதி. அந்த அறையின் பெஞ்சுகளைக் கரையான் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்று முடித்துவிட்டதால், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் தரையில் சம்மணமிட்டு, நோட்டை முழங்காலில் வைத்துப் படித்தார்கள். கம்பெனி அவர்களுக்கென்று ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் முப்பது வாக்கியங்கள். புரிந்தது, உடனே செய்கிறேன், மன்னிக்கவும், இனிமேல் இப்படி நடக்காது என்று முப்பதும் தலையாட்டுகிற வாக்கியங்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தீபாவளிக்குள் முப்பதையும் கரைத்துக் குடித்துவிட்டார்கள். மீதி வருடத்துக்கு என்ன செய்வது என்று யோசித்த தமயந்தி, தாளில் இல்லாத ஒரு பாடத்தை எடுத்தாள்: கருத்துச் சொல்வது. எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு, முடிவில் ‘தோ ஒமோய்மாஸ்’ என்று சேர்த்தால் ‘என்று நினைக்கிறேன்’ என்று ஆகிவிடும். இதைவிடச் சுலபமான பாடம் உலகத்திலேயே கிடையாது என்று நம்பித்தான் அவள் அன்று சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.

“நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

நாற்பத்திரண்டு பேரும் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, கரும்பலகையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

“என்னத்த எழுதப் போறீங்க? வாயால சொல்லுங்க.”

முதல் வரிசையிலிருந்து நிதர்சனா எழுந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், கையைக் கட்டாமல் ஒரு பதிலும் சொல்லாதவள். “மிஸ், எங்க கருத்த நீங்க போர்டுல எழுதிப் போட்டா நாங்க காப்பி பண்ணிக்குவோம் மிஸ்.”

“உங்க கருத்த நான் எப்பிடிம்மா எழுதறது?”

“தமிழ்ல அப்பிடித்தான் மிஸ். ‘இது குறித்து உன் கருத்து யாது’ன்னு அஞ்சு மார்க் கேள்வி வரும். டீச்சர் எழுதிப் போடுவாங்க, நாங்க படிச்சிக்குவோம்.”

அந்த ஐந்து மார்க்கையும் தமயந்தியும் அப்படித்தான் வாங்கியிருந்தாள். ‘ஃபூஜி மலை அழகாக இருக்கிறது என்று நினைக்கிறேன்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிப் போட்டாள். நாற்பத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு சொல்கிற அதே ராகத்தில், அந்த மலை அழகாக இருப்பதாகத் தாங்கள் நினைப்பதை மூன்று தடவை உரக்கச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் பக்கத்திலிருக்கும் திருக்கழுக்குன்றத்து மலையையே பார்த்ததில்லை. தமயந்திக்குச் சிரிப்பு வந்தது.

“ஆரோன், நீ எழுந்திரு” என்றாள். ஆரோன் கடைசி வரிசை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைக் கண்ணில் இருப்பவன். “மலைய விடு. இன்னிக்கு உனக்கு நெசமா என்ன தோணுச்சோ அத சொல்லு. தப்பா இருந்தாலும் பரவாயில்ல.”

ஆரோன் தலையைச் சொறிந்தான், கூரையைப் பார்த்தான், பற்களை நாக்கால் ஒருமுறை துழாவினான். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். “தமாகோ வா... கதாய்... தோ ஒமோய்மாஸ்.” முட்டை கெட்டியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வகுப்பு ஓவென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது ஆரோனுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. மரத்தில் செய்தது, நான்கு கால், சாய்மானம் உண்டு, சாயம் பூசாதது. தொட்டுப் பார்த்தால் வெயிலில் காயவைத்து எடுத்த துணிபோல வெதுவெதுப்பாக இருந்தது. ஆரோன் அதைத் திரும்பிப் பார்த்தான். “மிஸ், உக்காரலாமா?” என்று கேட்டான். “உக்காரு” என்றாள் தமயந்தி. அவன் உட்கார்ந்தான், மணி அடித்தது, அடுத்த பீரியடுக்குக் கணக்கு சார் வந்துவிட்டார்.

முதல் வாரத்தில் பத்தொன்பது நாற்காலிகள் வந்தன. ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போவது சரியில்லை என்று ஒருத்தி நினைத்தாள், விளையாட்டுப் பீரியடை அறிவியலுக்குக் கொடுப்பது அநியாயம் என்று ஒருவன் நினைத்தான், தன் அண்ணன் தாடி வைத்தால் ஆட்டுக்கிடாய் மாதிரி இருக்கிறான் என்று ஒருத்தி அகராதியைப் புரட்டிப் புரட்டி நினைத்தாள். நினைத்ததைச் சொல்லி முடித்ததும் ஆளுக்கொன்றாக வந்து நின்றது. அதன் பழக்க வழக்கங்களும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. ஒரே ஆள் ஒரே கருத்தை இரண்டாம் தடவை சொன்னால் வராது. எதிர்க்கருத்துச் சொன்னால் வரும், ஆனால் யாரை எதிர்த்துச் சொன்னார்களோ அவர்களுடைய நாற்காலிக்கு நேர் எதிரே, முகம் பார்த்தபடி வந்து நிற்கும். இரவல் கருத்துக்கும் வரும், பார்க்க அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பளபளப்பாக இருக்கும், உட்கார்ந்ததும் கால் நான்கும் மெல்ல மடிந்து ஆளைத் தரையில் இறக்கிவிட்டுக் காணாமல் போகும். அடி படாது, மானம்தான் கொஞ்சம் போகும்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் அழகு. ஏன் என்று கேட்டவர்கள் இல்லை, எத்தனை என்றுதான் கேட்டார்கள். பாக்கியலட்சுமி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் முட்டையை ஐந்து நிமிடம் முன்னதாக இறக்கினாள், நான்காம் நாள் வகுப்பு வாசலில் வந்து நின்று, “இப்ப எப்பிடி இருக்குதாம், கேட்டுச் சொல்லுங்க மேடம்” என்றாள். வாடகைக்கு நாற்காலியும் சாமியானாவும் விடுகிற பந்தல் மாசிலாமணி தலைமையாசிரியர் அருள்நேசனிடம் வந்து முறையிட்டார்.

“சார், முகூர்த்த மாசம். கல்யாண ஊட்டுக்காரன் ஒருத்தன் நேத்து என்னாண்ட வர்ல. ‘எம் பொண்ணு ஒம்பதாவதுல இருக்குது, அவள நாலு கருத்து சொல்லச் சொல்றேன்’ன்றான். நான் எங்க போவேன் சார்?”

“அந்த நாற்காலிங்க வாசப்படி தாண்டறதில்ல மாசிலாமணி, இழுத்துப் பாத்துட்டோம். ஒரு முறை சொன்னது சொன்ன எடத்துலதான் நிக்கும். உங்க தொழிலுக்கு ஒண்ணும் ஆவாது, போங்க.”

மாசிலாமணி ஆறுதலடைந்து, போகிற போக்கில் தமிழில் செய்தால் வராதா என்று கேட்டார். அதையும் செய்து பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை டீக்கடைக் கூட்டம் முழுவதும் வந்து வகுப்பில் நின்று, சாலை, தண்ணீர், கிரிக்கெட், மருமகள்கள் என்று மூன்று மணி நேரம் தமிழில் கருத்துச் சொல்லியது. ஒரு முக்காலிகூட வரவில்லை. அதற்கு அருள்நேசன் சொன்ன விளக்கத்தை ஊரே ஏற்றுக்கொண்டது: நம்ம ஊரில் தமிழில் சொல்கிற கருத்துக்கெல்லாம் நாற்காலி வர ஆரம்பித்தால் நிற்க இடம் இருக்குமா?

தை பிறப்பதற்குள் நாற்பத்தொரு பேர் நாற்காலியில் இருந்தார்கள். தரையில் மிச்சமிருந்தவள் ஒருத்திதான், அவள் நிதர்சனா. அவள் உச்சரிப்பில் ஒரு பிசிறு கிடையாது, அவள் வாக்கியத்தில் ஒரு பிழை கிடையாது, சொல்வதெல்லாம் அடுத்தவர் சொன்னதாக இருந்தது. முட்டை கெட்டி என்றாள், வந்தது, மடிந்தது. பஸ் நிற்பதில்லை என்றாள், வந்தது, மடிந்தது. ஐந்து முறை தரையில் இறங்கிய பிறகு, “எனக்குக் கீழயே வசதியா இருக்கு மிஸ்” என்று முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிக்கால்களின் நடுவே அவள் தலை மட்டும் தெரிவதைப் பார்க்கும்போதெல்லாம் தமயந்தி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஏனென்றால் அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகங்களில் தைல வாசனை அடித்தது, அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தமயந்திக்குத் தெரியும்.

இப்போது அந்த விழுங்கிய பேச்சுக்கு வருவோம். நிதர்சனாவின் அம்மா செல்வநாயகி அதே கம்பெனியில் மூன்றாம் லைனில் ஒயர் கட்டுகிறவள். நான்கு வருடங்களுக்கு முன்பு அப்போதிருந்த ஜப்பான் மேனேஜர் லைனில் இருந்த பெண்களை நிற்கவைத்து, ஏதாவது கருத்து உண்டா என்று தமயந்தி வழியாகக் கேட்டார். செல்வநாயகி முன்னால் வந்து இரண்டு நிமிடம் பேசினாள். மேசை உயரம் சார், எங்க யாருக்கும் அந்த உயரம் இல்ல, எட்டு மணி நேரமும் கைய தூக்கிக்கிட்டே கட்டறோம், வீட்டுக்குப் போனா தலை சீவக் கை எழும்பல, நாலு விரல் இறக்கிக் குடுத்தாப் போதும் என்றாள். பக்கத்தில் நின்ற நம்மூர் சூப்பர்வைசர் தமயந்தியை ஒரு பார்வை பார்த்தார். தமயந்தி மேனேஜர் பக்கம் திரும்பி, குறை ஒன்றும் இல்லையாம் என்றாள். மேனேஜர் அதை எழுதிக்கொண்டு குனிந்து வணங்கினார், செல்வநாயகியும் பதிலுக்கு வணங்கினாள். மேசை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நிதர்சனா தினமும் காலையில் அம்மாவின் தோளில் தைலம் தேய்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள்.

தை மாதத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முப்பது வாக்கியங்களைத் தாண்டிப் பாடம் நடப்பதாகக் கேள்விப்பட்டோம், அது தேவையில்லை, முப்பதோடு நின்றால் வகுப்பு அடுத்த வருடமும் தொடரும், புதிய மேனேஜர் நிஷிவாகி வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். அருள்நேசன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, நல்ல மனிதர் ஆதலால், தமயந்திக்கு நல்லது செய்யவே நினைத்தார்.

“மேடம், நாலு வரி எழுதுங்க. ‘முப்பது வாக்கியமே எங்களுக்குப் போதும்னு நினைக்கிறோம்’னு. ஒரு பிள்ள அழகா ஒப்பிக்கட்டும். அவரு சந்தோஷமா போவாரு, உங்க வேலையும் நெலைக்கும், கிளாஸும் நடக்கும். அப்புறம் கதவ சாத்திட்டு நீங்க எத வேணா நடத்துங்க.”

தமயந்தி எழுதினாள். எழுதி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவள் யார் என்று யோசிக்கவே தேவையில்லாமல், நிதர்சனா கையில் கொடுத்தாள். நிதர்சனா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் இல்லையா, இனி எனக்குக் கவலையில்லை என்று அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தமயந்திக்குத் தன்மேல் வந்த கோபத்தில் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஊரே வந்துவிட்டது. நாற்காலியெல்லாம் பிள்ளைகளுடையது என்பதால் பெரியவர்கள் சுவரோரம் நின்றார்கள். இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் செல்வநாயகியும் வந்து, கம்பெனிச் சீருடையோடு சன்னல் பக்கம் நின்றாள். எல்லாருடைய கண்ணும் நிஷிவாகி மேல்தான். பிறந்ததிலிருந்து ஜப்பானிய மொழி பேசுகிற மனிதர், அவர் வாயைத் திறந்தால் சோபா செட்டே வரும் என்று மாசிலாமணி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நிஷிவாகி குள்ளமான மனிதர், ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. பள்ளியையும் ஒழுங்கையும் ஒத்துழைப்பையும் பாராட்டிப் பத்து நிமிடம் பேசினார், ‘என்று நினைக்கிறேன்’ என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. சோபா வரவில்லை. ஒரு பலகைகூட வரவில்லை. ஜனம் அவருக்காக வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தது.

“சோபா ஏத்தின வண்டி வழியில நின்னுடுச்சா?” என்று மாசிலாமணி கிசுகிசுத்தார்.

பிறகு நிதர்சனா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, முப்பது வாக்கியங்களே எங்களுக்குப் போதும் என்று நினைக்கிறோம் என்பதைச் சுத்தமான உச்சரிப்பில் ஒப்பித்தாள். வந்தது ஒரு நாற்காலி. அதுவரை அந்த வகுப்பு கண்டிராத பளபளப்பு, முதுகுப் பலகையில் பூவேலை வேறு. அருள்நேசனுக்குத் தலைகால் புரியவில்லை. “சார், சார், ப்ளீஸ், சிட் சார்” என்று நிஷிவாகியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். தமயந்தி வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார், கால் நான்கும் மெல்ல மடிந்தன, மேனேஜர் மேலத்தாங்கல் தரையில், பிள்ளைகளின் செருப்புக்கால்களுக்கு நடுவே, மரியாதையாக இறக்கப்பட்டார்.

நிஷிவாகி எழுந்திருக்கவில்லை. தரையைத் தட்டிப் பார்த்தார், பக்கத்தில் நின்ற நிதர்சனாவை அண்ணாந்து பார்த்தார், பிறகு தமயந்தியைப் பார்த்தார்.

“சென்செய்,” என்றார், டீச்சர் என்று அழைக்கிற அவர்கள் மொழியில், “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

எட்டு வருடம் கம்பெனியில், ஒரு வருடம் இங்கே, அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் அவள் கேட்டிருக்கிறாள், தனக்காக வந்தபோது யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் கரும்பலகை மட்டும்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது, சன்னல் பக்கம் நின்ற சீருடை மறு பக்கம் கண்ணில் பட்டது. தமயந்தி ஜப்பானிய மொழியில் பேசினாள், அடக்கமான குரலில்தான் தொடங்கினாள், போகப்போக அது நாற்பத்தொரு நாற்காலிகளுக்கும் கேட்டது.

மூன்றாம் லைனின் மேசை உயரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன் என்றாள். நான்கு வருடம் முன்பு ஒரு பெண் இதைச் சொன்னார், நான் சொல்லவில்லை, நான் செய்தது தப்பு என்று நினைக்கிறேன் என்றாள். முப்பது வாக்கியங்கள் போதாது, அந்தத் தாளில் ஆமாம் என்பது பதினெட்டு இடத்தில் இருக்கிறது, இல்லை என்பது ஓர் இடத்தில்கூட இல்லை என்றாள். இந்தப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்க உங்கள் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று நினைக்கிறேன் என்று முடித்தாள். பிள்ளைகள் அவரவர் அம்மாவிடம் எட்டி எட்டி அர்த்தம் சொன்னதால், ஒவ்வொரு வாக்கியமும் அறையை ஒரு சுற்று வந்து ஓய்ந்தது.

அவள் பின்னால் வந்து நின்ற நாற்காலியைப் பார்த்து மாசிலாமணி தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். கைப்பிடி வைத்தது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியது, முப்பத்து நான்கு வருடத்துச் சேமிப்பு மொத்தமும் ஒரே தவணையில் வந்தது போல அத்தனை அகலம். ஆசிரியர் அறைக் கதவுக்குள் அது எந்தக் காலத்திலும் நுழையாது. தமயந்தி அதில் உட்காரவில்லை, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ்” என்றாள் நிதர்சனா. கட்டியிருந்த கை அவிழ்ந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கியது. அவள் நோட்டைப் பார்க்கவில்லை. ஜப்பானிய மொழியில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டுத்தடுமாறி, இரண்டு இடத்தில் பிழையோடு சொன்னாள். “நீங்கள் சொன்னது சரியில்லை என்று நினைக்கிறேன், மிஸ். நான் அந்தக் கம்பெனிக்குப் போவேன் என்று நினைக்கிறேன். போய் மேசையை இறக்குவேன் என்று நினைக்கிறேன்.”

அவளுக்கு வந்தது, சாயம் இல்லாத சாதாரண மர நாற்காலி. டீச்சருடைய பெரிய நாற்காலிக்கு நேர் எதிரே, அதன் முகத்தைப் பார்த்தபடி வந்து நின்றது. நிதர்சனா அதைத் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், ஐந்து தடவை ஏமாந்தவள் ஆகையால் பாதி உட்கார்ந்து பார்த்தாள். மடியவில்லை. முழுவதும் உட்கார்ந்தாள். ஆரோன் விசில் அடித்தான், தமயந்தி அழுதுகொண்டே சிரித்தாள், தன்னை ஒருத்தி மறுத்துப் பேசியதற்கு அத்தனை சந்தோஷப்பட்ட டீச்சரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நிஷிவாகி இன்னும் தரையில்தான் இருந்தார். “அந்தப் பெண் இங்கே இருக்கிறாரா?” என்று கேட்டார்.

செல்வநாயகி சன்னலை விட்டு முன்னால் வந்தாள். தமயந்தி அவளைப் பார்த்துத் தமிழில், “அன்னிக்கு நீங்க சொன்னத நான் சொல்லலக்கா. குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“தெரியும் மிஸ்” என்றாள் செல்வநாயகி. “நான் ரெண்டு நிமிஷம் பேசினேன், நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. ரொம்பச் சிக்கனமான பாஷ போலருக்குதுன்னு நெனச்சிக்கினு வீட்டுக்குப் போயிட்டேன்.”

சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், செல்வநாயகியும் சிரித்தாள், ஆனால் தமயந்தி சிரிக்கவில்லை. “இப்ப சொல்லுங்கக்கா. ஒண்ணு விடாம சொல்றேன்.”

செல்வநாயகி சொன்னாள். இந்தத் தடவை மூன்று நிமிடம் ஆனது, ஏனென்றால் நான்கு வருடத்துத் தைலமும் அதில் சேர்ந்திருந்தது. தமயந்தி மூன்று நிமிடம் மொழிபெயர்த்தாள். மேசையின் உயரம், தோள், சீவ முடியாத தலை, நாலு விரல் என்று செல்வநாயகி கையால் காட்டிய அளவு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொல்லி, அந்த அளவைத் தன் கையாலும் காட்டினாள். தமயந்தி பேசி முடித்ததும் எல்லாரும் அவள் பின்னால் பார்த்தார்கள், அங்கே ஏற்கெனவே இருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. நாற்காலி செல்வநாயகிக்குப் பின்னால் வந்து நின்றது. யார் வாயிலிருந்து வந்தாலும் யாருடைய பேச்சு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். தரையிலிருந்தபடியே நிஷிவாகி, தன் மேசையும் உயரம்தான் என்றும் வந்த நாளிலிருந்து அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னார், அவருக்கும் ஒன்று வந்தது, மற்றவற்றைவிட இரண்டு விரல் குட்டையானது, அதில் உட்கார்ந்ததும் அவருடைய பாதங்கள் தரையில் முழுசாகப் பட்டதைக் கண்டு ஜனம் கைதட்டியது. பங்குனிக்குள் மூன்றாம் லைன் மேசைகள் நாலு விரல் இறங்கின. கடிதமும் வந்தது, ‘இல்லை’ என்பதும் சேர்ந்து முப்பது வாக்கியங்கள் முப்பத்தொன்றாகின, தமயந்தியின் நாற்காலி வாசலைத் தாண்டாததால் ஆசிரியர் கூட்டங்கள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு இடம் மாறின. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு, அந்த அறையில், செல்வநாயகி தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். உட்கார்ந்து, தோளைப் பின்னால் உருட்டி, முன்னால் உருட்டி, கையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். நிஷிவாகி தன் குட்டை நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றாள் செல்வநாயகி, “ஆனா ஒரு விரல் தாழ்வா இருக்குது.”

தமயந்தி அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.